அண்டி ஆபீஸுக்கு எந்த பட்ஜெட் மென்பொருள்? 15 வருஷம் பயன்படுத்தியவன் சொல்வது

போன வாரம் குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் முந்திரி கம்பெனி நடத்தும் ஒருவர் போன் செய்தார். "சார், பட்ஜெட் போடவும் மாசாமாசம் ரிப்போர்ட் எடுக்கவும் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? ஒரு ஆள் வந்து டெமோ காட்டிட்டுப் போனாரு, எல்லாம் கலர் கலரா இருக்கு, ஆனா நமக்கு ஒத்து வருமான்னு தெரியல" என்றார். அரை மணி நேரம் பேசினேன். அதையே விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்து யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம்.

2010 முதல் 2018 வரை குழித்துறையில் ரயில் ஏறி திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் இறங்கும் பிழைப்பு. டெக்னோபார்க்கில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஃபைனான்ஸ் பிரிவு, அங்கே முழுக்க ஹைபீரியன் பிளானிங் என்ற பட்ஜெட் மென்பொருள்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டு ஊரோடு வந்து, மார்த்தாண்டத்தில் மூன்று ஷெட் உள்ள ஓர் அண்டி ஆபீஸில் கணக்குக்குச் சேர்ந்தேன். முந்திரித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். இங்கே டேலியும் எக்செல்லும். முதலாளியின் தம்பி கன்னியாகுமரியில் நடத்தும் லாட்ஜுக்கு மட்டும் ஸோஹோ புக்ஸ் என்ற ஆன்லைன் கணக்கு மென்பொருள்.

முதலில் ஹைபீரியன். அதன் அடியில் ஓடுவது எஸ்பேஸ் என்கிற பல பரிமாண டேட்டாபேஸ். 1992-ல் வந்த சரக்கு, 'எக்ஸ்டெண்டட் ஸ்பிரெட்ஷீட் டேட்டாபேஸ்' என்பதைச் சுருக்கித்தான் அந்தப் பெயர். 2007-ல் ஆரக்கிள் ஹைபீரியனை வாங்கியது. அதே வருஷம் எஸ்ஏபி அவுட்லுக்சாஃப்டை வாங்கியது, அடுத்த வருஷத் தொடக்கத்தில் காக்னாஸும் அதோடு டிஎம்1-உம் ஐபிஎம் கைக்குப் போயின. பெரிய கம்பெனிக்காரர்கள் பட்ஜெட் மென்பொருள் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான், இல்லையென்றால் அடாப்டிவ், அனாபிளான் மாதிரி பிறகு வந்த கிளவுட் வகையறாவை.

அதில் எனக்கு என்ன பிடித்தது என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் முகவரி உண்டு. எந்தக் கணக்கு, எந்த யூனிட், எந்த வருஷம், எந்த மாதம், பட்ஜெட்டா ஃபோர்காஸ்டா (வருஷ நடுவில் திருத்திப் போடும் மதிப்பீடு), முதல் வரைவா இறுதியா, இத்தனையும் சொன்னால்தான் ஓர் எண் உள்ளே உட்காரும். அதனால் "இந்த 12 லட்சம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியே எழாது. எக்செல்லுக்குள்ளேயே ஸ்மார்ட் வியூ என்ற இணைப்பு வழியாக எண்ணைப் போட்டு சப்மிட் கொடுத்தால் போதும். பிடிக்காததும் உண்டு. கிளை எண்ணைப் போட்ட பிறகு கூட்டுவதற்கு ரூல் என்கிற கணக்கீட்டை ஓட்ட வேண்டும், ஓட்ட மறந்தால் மேலே மொத்தம் பழையதாகவே நிற்கும். இரவு பதினொன்றரைக்கு அமெரிக்காக்காரன் லைனில் இருக்கும்போது திரை முழுக்க 'மிஸ்ஸிங்' என்று வந்து நின்ற அனுபவம் எனக்கு ஒன்றிரண்டு இல்லை. அப்புறம் அதைப் பராமரிக்கத் தனியாக ஆள் வேண்டும். எங்கள் டீமில் பட்ஜெட் போடுகிறவர்களைவிட மென்பொருளைக் கட்டி மேய்க்கிறவர்கள் வாங்கிய சம்பளம் அதிகம்.

சரி, டேலிக்கு வருவோம். டேலியில் பட்ஜெட் வசதி இருப்பதே நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரூப், லெட்ஜர், காஸ்ட் சென்டர் (செலவு எந்த இடத்துக்கு ஆனது என்று பிரிக்கும் தலைப்பு) மூன்றுக்கும் போடலாம், நடந்ததோடு ஒப்பிட்டு வித்தியாசம் பார்க்கலாம். மூன்று ஷெட்டையும் காஸ்ட் சென்டராக வைத்து மாதத்துக்கு ஒரு பட்ஜெட்டாக முதல் வருஷம் அதில்தான் போட்டேன். கூலி, கரண்டு, லாரி வாடகை, ஆபீஸ் செலவுக்கெல்லாம் பிரமாதம். ஆனால் எல்லாமே ரூபாய், எங்கள் தொழிலின் லாபநஷ்டமோ ரூபாயில் பிறப்பதில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பச்சைக்கொட்டை, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டை, வாங்குவது 80 கிலோ மூட்டைக் கணக்கில். ஒரு மூட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதுதான் அவுட்டர்ன். மாதிரிக்குக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கும் கட்டிங் டெஸ்டில் 48 பவுண்டு என்று பார்த்து, அதை நம்பி விலை பேசி இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் உடைத்துத் தோல் உரித்து வரும்போது 46-தான் நிற்கிறது. 100 டன் கொட்டை என்றால் 1,250 மூட்டை. மூட்டைக்கு 2 பவுண்டு குறைந்தால் 2,500 பவுண்டு, அதாவது 25 பவுண்டு டின்னில் சரியாக 100 டின் காணோம். கிலோ 700 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும் எட்டு லட்சம் கிட்ட வரும். இதில் முழுப்பருப்பாக டபிள்யூ 320 என்ற தரத்தில் போக வேண்டியது உடைந்து துண்டில் போன நஷ்டம் சேரவில்லை.

அந்த முதல் வருஷம் இதேதான் நடந்தது. டேலி ரிப்போர்ட்டில் கொள்முதல் பட்ஜெட்டோடு அச்சாகப் பொருந்தி நிற்கிறது, கூலியும் பொருந்துகிறது, விற்பனை மட்டும் குறைவு. முதலாளி பிரின்ட்டைப் பார்த்துவிட்டு விற்பனை பார்க்கும் பையனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். பாவம், அவனிடம் விற்பதற்கு டின்னே இல்லை. மென்பொருள் மேல் பிழை சொல்ல முடியாது, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. கேள்வியைத் தப்பாகக் கேட்டவன் நான்.

அதன் பிறகு எக்செல். ஹைபீரியனில் கற்றதை வைத்து ஒரே ஒரு நீளமான டேபிள் போட்டேன். வருஷம், மாதம், ஷெட், கணக்கு, பட்ஜெட்டா நடந்ததா, எந்த வரைவு, அளவு, தொகை என்று எட்டு நெடுக்குப் பத்தி. மூன்று ஷெட், 12 மாதம், சுமார் 60 கணக்கு, ஆக ஒரு வரைவுக்கு 2,160 வரி. எக்செல் ஷீட் 10 லட்சத்துக்கும் மேலே வரி தாங்கும், இதெல்லாம் அதற்குத் தூசு. அனுமானங்கள் தனி ஷீட்டில்: மூட்டைக்கு எத்தனை பவுண்டு, டன்னுக்கு எத்தனை டாலர், டாலருக்கு எத்தனை ரூபாய், நாளைக்கு எத்தனை மூட்டை உடைப்போம். அவுட்டர்னை 48-ல் இருந்து 47 ஆக்கினால் வருஷ லாபம் எங்கே போய் நிற்கிறது என்று முதலாளி கண் முன்னால் காட்ட முடிந்தது. முதன்முறையாக அவர் பட்ஜெட் ஷீட் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எக்செல்லால் அடியும் வாங்கியிருக்கிறேன். 2020-ல் மூன்றாவது ஷெட்டுக்கு பீலிங் கூலி (தோல் உரிக்கும் கூலி) என்று புதிதாக ஒரு வரி சேர்த்தேன், அது கூட்டல் எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது. ஐந்து மாதம் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஹைபீரியனில் புதுக் கணக்கைக் கணக்குகளின் மரத்தில் சரியான கிளையில் தொங்கவிட்டால் கூட்டலில் அதுவாகச் சேர்ந்துகொள்ளும், இங்கே நம் கண்தான் காவல். இப்போது டேலியின் மொத்தமும் என் டேபிள் மொத்தமும் ஒன்றா என்று பார்க்க ஒரு செல் வைத்திருக்கிறேன், ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் சிவப்பாகிவிடும். நடந்த கணக்கை டேலியில் இருந்து ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக எக்செல்லுக்கு இழுத்துக்கொள்கிறேன். நடந்த கணக்கு டேலியில் இருப்பதுதான் முறையும்கூட. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு) கட்டாயம், அதனால் கணக்குப் புத்தகத்தை எக்செல் பக்கம் கொண்டுபோகும் பேச்சே கிடையாது.

ஸோஹோ புக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல விதத்தில்தான் சொல்கிறேன். லாட்ஜில் வருமானம் அறை வாடகை, செலவு கரண்டு, சம்பளம், வெளுப்பு, அவ்வளவுதான். போன வருஷத்து எண்ணை அப்படியே நிரப்பி, மாதவாரியாகத் திருத்தி, பட்ஜெட்டும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, வருஷத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போடாதீர்கள். கார்த்திகை தொடங்கி தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மே மாதம் பள்ளி லீவு, மற்ற நேரத்தில் சனி ஞாயிறு மட்டும். சமமாகப் போட்டால் ஜூனில் நஷ்டம் என்று பயமும் டிசம்பரில் வீண் சந்தோஷமும்தான் மிச்சம்.

பெரிய கிளவுட் பிளானிங் மென்பொருள் ஒன்றையும் 2022-ல் ஒரு ஏஜென்ட் மூலம் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தோம். பெயர் வேண்டாம். உள்ளே மில்லியன் கணக்கு, முதலாளிக்கு 1,00,000 என்று கமா விழுந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். அதைச் சரி செய்ய ஏஜென்டுக்கு மூன்று வாரம் ஆனது. எக்செல்லில் விண்டோஸ் ரீஜனை இந்தியா என்று மாற்றினால் வேலை முடிந்தது. லைசென்ஸ் தலைக்கு இவ்வளவு என்று வருஷாவருஷம், ஷெட் பொறுப்பாளர்கள் மூன்று பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கிளவுட் என்றாலே அவருக்கு ஒரு தயக்கம் வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப்போட்டபோது நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. "அப்போ உன் கிளவுட் எங்கே இருக்கும்?" என்பார். ஏதோ மூலையில் பத்திரமாக இருக்கும் சார், நம்மால்தான் பார்க்க முடியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்று, நம் மாதிரி இடங்களில் பட்ஜெட்டை உண்மையில் கேட்கிற ஆள் பேங்க். கடனுக்காகப் பேங்க் கேட்கும் நிதி விவரமான சிஎம்ஏ டேட்டா, மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். சிறு தொழிலுக்கு ரிசர்வ் வங்கியின் நாயக் குழு முறைப்படி எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் என்பதால், விற்பனை எஸ்டிமேட்டை ஊதிக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பேங்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பட்ஜெட் வைத்துக்கொண்டால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. நான் ஒரே வரைவைத்தான் இரண்டு இடத்துக்கும் கொடுக்கிறேன், முதலாளியோடு இதற்காக ஒரு மார்ச் முழுக்கச் சண்டை போட்டேன்.

கருங்கல்காரரிடம் கடைசியில் நான் கேட்டது, "உங்க ஷெட்டில் தினசரி அவுட்டர்னை யார் எழுதுறாங்க?" என்று. யாரும் எழுதுவதில்லையாம், மாசக் கடைசியில் ஸ்டாக்கை எண்ணிப் பார்ப்பதோடு சரி. எங்கள் ஷெட்டில் பொறுப்பாக இருக்கும் அக்கா, சாயங்காலம் எடை போட்டதும் நீல நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். போட்டோவின் ஓரத்தில் பெரும்பாலும் அவர் கட்டைவிரலும் இருக்கும், முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல். ஆரம்பத்தில் கூகுள் ஷீட்டில் போடச் சொல்லி இரண்டு மாதம் முயன்றேன். "தம்பி, இந்தக் கையோட போனைத் தொட்டா போன் போயிரும்" என்றுவிட்டார். அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை, எங்கள் ஆபீஸ் பையன் அதைப் பார்த்து டேபிளில் ஏற்ற பத்து நிமிஷம் ஆகிறது. மூன்று ஷெட்டும் சேர்த்து.

இப்போதைக்கு எனக்குத் தீராமல் நிற்பது டாலர் ரேட்தான். பச்சைக்கொட்டை ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறது. மேற்குப் பக்கத்துச் சீசன் பிப்ரவரியை ஒட்டி, தான்சானியா சீசன் அக்டோபரை ஒட்டித் தொடங்கும், இரண்டுக்கும் இடையில் ரேட் எங்கேயோ போயிருக்கும். இந்த முறை அக்டோபரில் பட்ஜெட்டைத் தொடாமல், ஃபோர்காஸ்ட் என்று தனி வரைவு போட்டு, மிச்ச ஆறு மாதத்துக்கு மட்டும் புது ரேட்டில் ஓட்டலாம் என்று இருக்கிறேன். டேபிளில் அதற்கென்று பத்தி முதல் நாளில் இருந்தே இருக்கிறது, இதுவரை அதில் ஒரு வரிகூட ஏற்றவில்லை.