பேக்கலைட் ரிசீவரோடு 11 வருடம்

லண்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில் 2013ல் இந்தக் கறுப்பு பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) ஃபோனை வாங்கினேன். பிரிட்டிஷ் தபால் துறை 1937ல் கொண்டுவந்த 300 வரிசையைச் சேர்ந்தது. இதன் மூல வடிவம் எரிக்சன் என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இரண்டு நார்வேக்காரர்கள் செய்தது. ஒருவர் பொறியாளர் பியர்க்னஸ், இன்னொருவர் ஓவியர் ஹைபர்க். ஓவியர் கை பட்டிருப்பது பார்த்தாலே தெரியும். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ரிசீவர்தான்.

அதற்கு முந்தைய மெழுகுவர்த்தி வடிவ ஃபோனில் தண்டை ஒரு கையிலும் காதுக்குழலை மறு கையிலும் பிடிக்க வேண்டும். பேசும் பக்கத்தில் இருப்பது, குரலுக்கு ஏற்ப மின்னோட்டத்தை மாற்றும் கரித்துகள். சாய்த்தால் துகள் ஒரு பக்கம் சரிந்து இரைச்சல் வரும். எப்படிச் சாய்த்தாலும் வேலை செய்கிற கரிப்பெட்டி வந்த பிறகுதான் இரண்டையும் ஒரே கைப்பிடியில் சேர்க்க முடிந்தது. பிரிட்டனில் 1929ல் வந்த நியோபோன் அப்படித்தான் பிறந்தது. என்னுடையது அதற்கு அடுத்த தலைமுறை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு இதில்தான் பேசுவேன். நாட்டுக் குறியீட்டோடு மொத்தம் 14 எண்கள். பூஜ்யத்துக்கு மட்டும் டயல் திரும்பி வர ஒரு வினாடி ஆகும். சுற்றி முடிக்க ஏறக்குறைய அரை நிமிடம். இரண்டாம் வருடம் ஒருநாள், "என்னடா, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?" என்றார். பேசும் பக்கத்தை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினேன். இறுகியிருந்த துகள் தளர்ந்தது. "இப்ப பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

காதுப்பக்கம் கரகரத்தபோது மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே நிலைக்காந்தம், இரண்டு கம்பிச்சுருள், மேலே மெல்லிய இரும்புத் தகடு. அவ்வளவுதான். காந்தம் இல்லாவிட்டால் மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் தகடு உள்ளேதான் இழுபடும், பேச்சு புரியாது. காந்தம் முன்கூட்டியே இழுத்து வைத்திருப்பதால்தான் தகடு இரு பக்கமும் அசைகிறது. அதே காந்தம் இரும்புத் தூசியையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது, அதுதான் கரகரப்பு. தகட்டை நிமிர்த்தித் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள், வளையாது. தூசியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்தேன். அதன்பின் இன்றுவரை தொல்லை இல்லை.

நம் குரல் நம் காதிலும் மெல்லக் கேட்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் கத்தத் தோன்றுவதே இல்லை. செல்ஃபோனில் கத்துகிற என் அப்பாவும் இதை எடுத்தால் தணிந்து பேசுவார்.

குறைகளும் உண்டு. கனம் அதிகம், ஒரு மணி நேரம் பேசினால் முழங்கை வலிக்கும். துணி சுற்றிய வயர் பிரிந்து ஒருமுறை மாற்றினேன். இணைப்பு இணையப் பெட்டிக்கு மாறியதும் டயல் சுழன்று அனுப்பும் மின்துடிப்புகள் அதற்குப் புரியவில்லை. துடிப்பை டோனாக மாற்றும் சின்னக் கருவி ஒன்றை இடையில் சேர்த்த பிறகுதான் மறுபடி டயல் செய்ய முடிந்தது.

வாங்குவதாக இருந்தால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ரிசீவரை எடுத்து, பேசும் பக்கத்தைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே மணல் சரிவது போன்ற சத்தம் கேட்க வேண்டும்.