வியன்னா மாநாடு: ஊரைப் பார்க்க பஸ்ஸா, நடையா, டிராம் வண்டியா?

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாடு ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வியன்னாவில் கூடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரைக்கே அமர்வுகள் தொடங்கிவிடும். மாநாட்டு மையம் இருப்பது டான்யூப் ஆற்றின் அக்கரையில், ஐ.நா. கட்டடங்களுக்குப் பக்கத்தில். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிட்டுத் திரும்புகிறவர் வியன்னாவுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. யூ1 மெட்ரோவில் ஏறினால் நகரின் நடுவிலுள்ள ஸ்டெஃபான்பிளாட்ஸ் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே அறையை அந்த ரயில் பாதையிலேயே, ஆற்றுக்கு இக்கரையில் பிராட்டர்ஷ்டெர்ன் பக்கமாகப் பாருங்கள்.

சுற்றுலா பஸ்ஸில் குறை வண்டியிலோ காதில் ஒலிக்கும் வர்ணனையிலோ இல்லை, நேரத்தில்தான். பகலில் நாம் அரங்குக்குள் இருக்கும்போது அது ஓடுகிறது. நாம் வெளியே வரும்போது ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. கூட வந்த பெற்றோருக்கோ துணைவருக்கோ டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஆய்வாளருக்கு அது உதவாது.

ஏப்ரல் கடைசியில் அங்கே பொழுது சாய இரவு எட்டு மணி ஆகிறது. ஆய்வுகளைச் சுவரொட்டிகளாக வைக்கும் போஸ்டர் அரங்கிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் நல்ல வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் டிராம். பழைய கோட்டை மதிலை இடித்த இடத்தில் போட்டு, 1865-இல் திறந்த ரிங் சாலை சுமார் 5 கிலோமீட்டர் நீளம். பல்கலைக்கழகம், நகர மன்றம், நாடாளுமன்றம், ஓபெரா எல்லாம் அதன் ஓரமாகவே வரிசை கட்டி நிற்கின்றன. முன்பு ஒரே டிராமில் முழு வட்டம் அடிக்க முடிந்தது; 2008-க்குப் பிறகு முடியாது. ஸ்வேடன்பிளாட்ஸில் 1-ஆம் எண் வண்டியில் ஏறி, ஓபெராவில் இறங்கி 2-ஆம் எண்ணுக்கு மாறினால் வட்டம் நிறைந்துவிடும். டிக்கெட்டில் மட்டும் கவனம் வேண்டும். தடுப்புக் கதவு எங்கும் இல்லை என்பதற்காகக் காகித டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகர் நூறு யூரோவுக்கு மேல் கறந்துவிடுவார்.

ரிங்குக்கு உட்புறம் நடைதான். தேவாலயம், அரண்மனை, காப்பிக் கடைகள் எல்லாம் கூப்பிடு தூரம். என் தேர்வு இவற்றில் எதுவுமில்லை. ஷாட்டன்டோரில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் உள்முற்றம். தூண்களுக்கிடையே பேராசிரியர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கும். ஆண்கள், ஆண்கள், மேலும் ஆண்கள். இயற்பியலாளர் லீஸெ மைட்னர் உள்ளிட்ட பெண் அறிவியலாளர்களுக்கு 2016-இல்தான் இடம் கிடைத்தது. வியாழக்கிழமை என்றால் கலை வரலாற்று அருங்காட்சியகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஓவியர் ப்ரூகலின் அறைக்கு நேரே போய்விடுங்கள். 1563-இல் வரைந்த பாபேல் கோபுரம் அங்கேதான் இருக்கிறது.

ஓர் அமர்வுக்கு மட்டம் போட்டே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. ரிங்கிலிருந்து 71-ஆம் எண் டிராம் மத்திய மயானத்துக்குப் போகிறது. 1918 இன்ஃப்ளுவென்சா காலத்தில் சவப்பெட்டிகளையும் டிராமில்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டாவது வாயிலில் இறங்கும் கூட்டம் பீத்தோவனையும் ஷூபர்ட்டையும் தேடிப் போகும், போகட்டும். இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மானின் கல்லறை அவ்வளவு தொலைவில் இல்லை. தாடி வைத்த வெண்பளிங்குச் சிலை. அதற்கு மேலே கல்லில் பொறித்த எண்ட்ரோபிச் சமன்பாடு, அதாவது ஒழுங்கின்மையை அளக்கும் அவருடைய சூத்திரம். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்ற கொள்கைக்காக ஆயுள் முழுக்க வாதாடி, 1906-இல் தற்கொலை செய்துகொண்டவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட மனத்தாங்கலோடு திரியும் முனைவர் பட்ட மாணவர் எவரும் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்பார். மாலையில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் பிற்பகலில்தான் போக முடியும். உங்கள் பெயர் இல்லாத பிற்பகல் எது என்று முதல் நாளே நிகழ்ச்சி நிரலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் அதை முன்னால் சேர்ப்பதைவிடப் பின்னால் சேர்ப்பதே மேல். ஞாயிறன்று பெரிய ரயில் நிலையக் கடைகள் தவிர மற்றவை பெரும்பாலும் மூடிக்கிடக்கும். சனிக்கிழமையோ நாஷ்மார்க்ட் சந்தையை ஒட்டிப் பழம்பொருள் வியாபாரம் களைகட்டுகிறது. திரும்பும் டிக்கெட்டை சனி இரவுக்குப் போடுங்கள். மாநாட்டுப் பையில் கொஞ்சம் இடமும் விட்டுவையுங்கள்.