கான்டெசா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 1,85,000 ரூபாயும் எஞ்சினும் போச்சு

இன்று காலை பதினொரு மணிக்குத்தான் எனக்கே தெரியும். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,85,000 ரூபாய் கையில் கொடுத்து என் அப்பா வண்டியின் எஞ்சினைத் திருடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், வேறெப்படிச் சொல்வது?

வண்டி 1995 கான்டெசா கிளாசிக், அம்பாசிடர் கம்பெனிக்காரர்களின் கார். 1.8 இசுசு எஞ்சின், ஐந்து கியர். நாலு கதவு வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வெளிநாட்டுக்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய ரோட்டில் இது கிளம்பிப் போன போக்கைப் பார்த்தவர்களுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார். 2002லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கோபாலபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தேன்.

வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று ஒரு வருஷமாக வீட்டில் பஞ்சாயத்து. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம், கதவுக்கு அடியில் துரு, இந்த வருஷம் ஆர்சி வேறு புதுப்பிக்க வேண்டும். "குடுத்துட்டு ஒரு ஸ்விஃப்ட் எடுங்கப்பா" என்று பையன். பொள்ளாச்சியில் ஒரு பழைய கார் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 1,40,000 சொன்னார்கள். மனசு கேட்கவில்லை. பழைய வண்டி விற்கும் ஆப் ஒன்றில் சும்மா விலை பார்க்கலாமே என்று நாலு போட்டோ போட்டேன். அரை மணி நேரத்தில் போன். கொழிஞ்சாம்பாறை தாண்டி, பாலக்காடு போகிற வழியில் பழைய கார்களைப் புதுப்பித்துத் தருகிற ஒர்க்‌ஷாப்பாம்.

போனேன். இங்கேதான் விழுந்தேன். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்தான், ஸ்டியரிங்கைத் தடவினான். கட்டன் சாயா வந்தது. "இது விக்கண்டா சேட்டா, அச்சன்றெ வண்டியல்லே" என்றான். விற்கச் சொல்கிறவனைத்தான் சந்தேகப்படுவோம், விற்காதே என்பவனை எதற்குச் சந்தேகப்படப் போகிறோம்? அப்பா போன பிறகு அந்த வண்டியைப் பற்றி அப்படிப் பேசிய முதல் ஆள் அவன்தான். எஞ்சின் வேலை, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 1,85,000, இரண்டு மாதத்தில் வண்டி, அதோடு வின்டேஜ் நம்பர் பிளேட்டும் வாங்கித் தருகிறேன், அப்புறம் ஆறு லட்சத்துக்கு எவனாவது கேட்பான், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்றான். அன்றைக்கே ஒரு லட்சம், அடுத்த வாரம் 85,000. பில் கேட்கவில்லை. கேட்டால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு கூச்சம், எருமை மாட்டுப் புத்தி.

அந்த வின்டேஜ் பிளேட் கதையே பொய். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன வண்டிக்குத்தான் அது, 2021ல் வந்த விதி. என் வண்டிக்கு 2045ல்தான் கிடைக்கும். போனில் தட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜூனில் விட்ட வண்டி. ஜூலையில் கேட்டால் பெயின்டருக்குக் காய்ச்சல். ஆகஸ்ட்டில் பிஸ்டன் ரிங் கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை. "ஓணம் கழியட்டே சேட்டா." ஓணம் கழிந்தது. அப்புறம் போன் எடுக்கவில்லை, வாட்ஸ்ஆப்பில் நீல டிக் மட்டும். நேரில் போனால் ஒரு பையன் நின்றுகொண்டு "முதலாளி திருச்சூர்ல" என்பான். நடுவில் ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 20 வருஷம் தாண்டிய காருக்கு 5,000லிருந்து 10,000 ஆகிவிட்டது, அந்தத் தண்டமும் என் தலையில்.

பத்து நாள் முன்பு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினான். பெயிண்ட் கண்ணாடி மாதிரி. புது ரிங், ரன்னிங் இன், 500 கிலோமீட்டருக்கு 40ஐத் தாண்டக் கூடாது, ஐந்தாவது கியருக்கே போகக் கூடாது என்றான். நான் போகவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தேன்தான், எல்லாம் கறுப்புப் பெயிண்ட்டில் பளபளவென்று இருந்தது. எனக்கு ஆயில் குச்சி தெரியும், அவ்வளவுதான். அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும்.

இன்று ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டுபோனால் சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள், சரியாக வந்தது. எஞ்சின் நம்பர் ஒத்துவரவில்லை. "ஆர்சில இருக்கற எஞ்சின் இது இல்லீங்களே" என்றார் அங்கிருந்த அதிகாரி. அங்கிருந்து நேராக அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து கியரைப் போட்டுப் பார்த்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அப்புறம் கை சும்மா நின்றது. "தம்பி, குமிழ்ல அஞ்சு எழுதிருக்குது, பொட்டில நாலுதானுங்க இருக்குது." அம்பாசிடரின் 1.5 எஞ்சினையும் அதன் கியர் பெட்டியையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். 1984ல் முதலில் வந்த கான்டெசாவே அந்த எஞ்சினில்தான் வந்தது, அதனால் மாட்டுவது கஷ்டமில்லையாம். இசுசு எஞ்சினுக்கு அம்பாசிடர்காரர்களிடமும் கிராக்கி, யாருக்கோ விற்றிருப்பான்.

போன் பண்ணினேன், ஆச்சரியம், எடுத்தான். "சேட்டா கொண்டு வந்ததே அந்த எஞ்சின் அல்லே" என்றான், நான் கொண்டுபோனதே இந்த எஞ்சின்தானாம். 1,85,000 ரூபாய்! ஸ்டேஷனில் கேட்டால் கடை எல்லைக்கு அந்தப் பக்கம், அங்கே போய்க் கொடுங்கள் என்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வண்டியை விடுவதற்கு முன் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், கியர் பெட்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கடைக்காரனிடம் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாமல் பத்து பைசா கொடுக்காதீர்கள். 15 வருஷம் ஆனால் வண்டியை நொறுக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தி எக்ஸ்சேஞ்ச் கேட்டால் நம்பாதீர்கள், அந்தத் தடை டெல்லிப் பக்கம்தான், இங்கே ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். நுகர்வோர் வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. திங்கட்கிழமை நான் போகிறேன்.

ஒரு உதவி. மெக்கானிக் மாற்றிவிடக் கூடாது என்று அப்பா ஆயில் ஊற்றும் மூடியில் மஞ்சள் பெயிண்ட்டில் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், எஞ்சின் பக்கவாட்டிலும் அதே மாதிரி ஒரு கோடு. பாலக்காடு, கோயம்புத்தூர் பக்கம் யாராவது 1.8 இசுசு எஞ்சின் வாங்கியிருந்தால் பானட்டைத் திறந்து ஒருதரம் பாருங்கள்.