விஜிஏகானா, எஃப்பிகானா: கறுப்புத் திரையில் எழுத்தை வரைவது யார்?

லினக்ஸில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரையைப் பார்த்து அதற்குப் பின்னால் யார் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது. பிசியில் இரண்டு கன்சோல் டிரைவர்களுக்கு (லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்து திரையை இயக்கும் நிரல்கள்) அந்த வேலை தெரியும். பழைய ஆள் விஜிஏகான், இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் அநேகமாக ஓடிக்கொண்டிருப்பது எஃப்பிகான். இரண்டுக்கும் மேலே ஒரே விடி (விர்ச்சுவல் டெர்மினல்) அடுக்குதான் இருக்கிறது. எஸ்கேப் குறிகளை (எழுத்துகளோடு வரும் நிற, நகர்வுக் கட்டளைகள்) படித்து எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து, என்ன நிறம் என்று தீர்மானிப்பது அது. தீர்மானித்ததும் இந்த எழுத்துகளைப் போடு, ஒரு வரி மேலே தள்ளு, கர்சரை நகர்த்து என்று கீழே உத்தரவு போகும். அதை நிறைவேற்றும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

விஜிஏகான் எழுத்தை வரைவதே இல்லை, இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். 80 பத்தி, 25 வரி, ஒரு கட்டத்துக்கு 2 பைட்: எழுத்தின் எண்ணுக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று. முழுத் திரையும் சேர்ந்து 4,000 பைட்தான் (இந்தக் கட்டுரையை யூடிஎஃப்-8இல் சேமித்தால் அதைவிடப் பெரிதாக இருக்கும்). பதினாறடிமான பி8000 என்ற முகவரியில் தொடங்கும் மெமரியில் அந்த இரண்டு பைட்டை எழுதினால் டிரைவரின் வேலை முடிந்தது, எண்ணைப் பார்த்து எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்துத் திரைக்கு அனுப்புவது விஜிஏ கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. கர்சர் சிமிட்டுவதுகூடக் கார்டுதான். ஸ்க்ரோல் செய்வதில் இன்னும் சாமர்த்தியம்: அங்கே 32 கேபி இடம் இருக்கிறது, வரிக்கு 160 பைட் வீதம் 204 வரி பிடிக்கும், ஆகவே ஒரு வரி மேலே போக எதையும் நகலெடுக்காமல் "இனி 160 பைட் தள்ளி ஆரம்பி" என்று ரெஜிஸ்டரில் சொன்னால் போதும். இடம் தீரும்போது மட்டும் ஒருமுறை நகலெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும்.

எஃப்பிகானுக்கு இந்தச் சொகுசு கிடையாது. அதற்குக் கிடைப்பது வெறும் பிக்சல் மைதானம். 1920×1080 திரை, பிக்சலுக்கு 4 பைட் என்றால் 82,94,400 பைட். 8×16 எழுத்துருவில் 240 பத்தி, 67 வரி கிடைக்கும், பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் ஒரு எழுத்துக்கு 128 பிக்சல், அதாவது 512 பைட்டைக் கெர்னலே உட்கார்ந்து நிரப்ப வேண்டும், அங்கே இரண்டே பைட்டில் முடிந்த வேலை. ஸ்க்ரோல் இன்னும் மோசம். வீடியோ மெமரியில் எழுதுவது பரவாயில்லை, அதிலிருந்து படிப்பது பல கார்டுகளில் மகா மந்தம். அதனால் பிக்சல்களை நகர்த்துவதைவிட, ரேமில் வைத்திருக்கும் எழுத்துப் பிரதியைப் பார்த்துத் திரையைத் திரும்ப வரைவதே மேல், மாறாத கட்டங்களை விட்டுவிடலாம். கார்டின் 2டி வேகத்தைப் பயன்படுத்தும் பழைய வழி 5.11 கெர்னலில் முடக்கப்பட்டு, ஆட்சேபங்களுக்குப் பிறகு 2022இல் கெர்னல் அமைப்பில் ஒரு தெரிவாகத் திரும்பியது.

வேகத்தில் விஜிஏகான்தான், சந்தேகமே இல்லை. அப்புறம் ஏன் எல்லோரும் எஃப்பிகானுக்குப் போனார்கள்? ஹார்டுவேர் போய்விட்டது, அவ்வளவுதான். பயாஸுக்குப் பிறகு வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் கணினி கெர்னலிடம் கொடுப்பது நேரடியாகப் பிக்சல் மெமரியை. இன்றைய ஏஆர்எம் போர்டுகளில் விஜிஏ எழுத்து முறை கிடையாது. லினக்ஸில் ஃப்ரேம்பஃபர் (திரையின் பிக்சல் மெமரி) என்ற யோசனையே அமிகா போன்ற மோட்டரோலா 68000 வகைக் கணினிகளுக்கான லினக்ஸிலிருந்து வந்ததுதான், அங்கேயும் எழுத்து முறை கிடையாது.

எஃப்பிகான் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. பிக்சலை இஷ்டத்துக்கு வரைய முடிகிற ஒரு டிரைவர், கட்டத்துக்கு 2 பைட் என்ற விஜிஏ கணக்கை இன்னும் விடவில்லை. புது வீடு கட்டியும் பழைய அடுப்பைக் கட்டி அழுகிற கதை. 16 நிறம்தான், 24 பிட் நிறம் கேட்டாலும் பக்கத்து நிறத்துக்கு உருட்டிவிடும். எழுத்துருவில் 256 வடிவம், முன்நிறத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் 512.

தமிழுக்கு இங்கே என்ன நிலைமை? 247 எழுத்துகளையும் 512க்குள் தாராளமாக அடக்கலாம், எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம், ஒரு வடிவத்துக்கு ஒரு கட்டம் என்று இருப்பதுதான் இடிக்கிறது. 'கொ' என்பது க, ொ என இரண்டு குறியீடு, அந்த ொ உடைந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அப்படி எழுத்துகளைக் கோக்கும் நிரல் கெர்னலில் இல்லை. எனவே தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைப் பட்டியலிட்டால் இரண்டு டிரைவரிலும் வரிசையாகக் கேள்விக்குறிகளோ கட்டங்களோதான். கேஎம்எஸ்கான் போலக் கெர்னலுக்கு வெளியே ஓடி, பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தை வைத்து வரையும் மாற்றுகளிடம்தான் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

மேலே போன வரிகளைப் பார்க்க ஷிஃப்ட்+பேஜ்அப் வேலை செய்யவில்லை என்று இன்னும் தேடுகிறவர்களுக்கு: ரேமில் பழைய வரிகளைச் சேமித்த நிரலில் பாதுகாப்பு ஓட்டை, பராமரிக்கவும் ஆளில்லை, எனவே 2020இல் 5.9 கெர்னலில் இரண்டிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். விஜிஏகானில் கார்டின் மெமரியில் மிஞ்சிய வரிகளையாவது பார்க்கலாம். எஃப்பிகானில் அதுவும் இல்லை.

கெர்னல் பேனிக் (கெர்னலே மீள முடியாமல் நின்றுபோவது) வந்தால்? திரையில் கன்சோல் இருந்தால் இரண்டும் செய்தியைக் காட்டப் பார்க்கும், ஆனால் ஃப்ரேம்பஃபருக்குப் பின்னால் பெரிய கிராபிக்ஸ் டிரைவர் இருந்தால் பாதை நீளம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் சிக்கலாம். டெஸ்க்டாப் ஓடும்போது வந்தால் இரண்டும் கைவிரிக்கும், கேப்ஸ்லாக் விளக்கு மினுக்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். 2024இல் 6.10 கெர்னலோடு வந்த டிஆர்எம் (கெர்னலின் கிராபிக்ஸ் பகுதி) பேனிக் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தது.

ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வழி வந்த இன்னொரு இயங்குதளம்) இதே சண்டையைச் சிஸ்கான்ஸ் (பழையது), விடி (புதியது, மேலே சொன்ன லினக்ஸ் விடி அல்ல) என்ற பெயர்களில் போட்டு, 11.0இல் விடிக்கு மாறியது. புதிய கிராபிக்ஸ் டிரைவரோடு எக்ஸ் (வரைகலைத் திரை) ஒருமுறை தொடங்கிவிட்டால் சிஸ்கான்ஸில் கறுப்புத் திரைக்குத் திரும்பவே வழியில்லை, அது ஒன்றே போதாதா.

என் தேர்வு: பயாஸ் முறையில் பூட் ஆகும் பழைய கணினி, விர்ச்சுவல் மெஷின், வெறும் பதிவு மட்டும் பார்க்கிற சர்வர் என்றால் நோமோட்செட் என்ற பூட் தெரிவைப் போட்டு விஜிஏகானிலேயே இருப்பேன். மற்றபடி எஃப்பிகான், 4கே திரையாக இருந்தால் கூடவே டெர்மினஸ் 16×32 எழுத்துரு, இல்லையென்றால் 480 பத்தியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். உங்களிடம் எது ஓடுகிறது என்று தெரியவில்லையா, பூட் பதிவில் "கன்சோல்" என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். பயாஸ் கணினி "கலர் விஜிஏ+ 80×25" என்று ஆரம்பிக்கும், யூஇஎஃப்ஐ கணினி "டம்மி டிவைஸ்" என்று ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ஃப்ரேம்பஃபருக்கு மாறுகிறேன் என்று இன்னொரு வரி வந்திருந்தால் ஓடுவது எஃப்பிகான்.