ஜூலை இறுதியில் எடுக்க வேண்டிய முடிவு: பேஸ்பால் அணிகள் இளம் வீரர்களை எப்போது விட்டுக்கொடுக்கலாம்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் நூறுக்கும் மேற்பட்டவை முடிந்துவிட்ட நிலையில், வழக்கமாக ஜூலை இறுதியையொட்டி வீரர் பரிமாற்றத்துக்கான கெடு முடிகிறது. அதற்கு முந்தைய நாள்களில், வெற்றிவாய்ப்புள்ள ஒவ்வோர் அணியின் நிர்வாகமும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறது: மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் வளர்ந்துவரும் இளம் வீரர்களைக் கொடுத்துவிட்டு, இந்த ஆண்டே கோப்பையை வெல்ல உதவக்கூடிய தேர்ந்த வீரர் ஒருவரை வாங்கலாமா, கூடாதா?

இளம் வீரரின் விலை அவருடைய திறமையால் மட்டும் அமைவதில்லை. மேஜர் லீகில் ஆறு ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை அவர் அந்த அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் அவர் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்கே ஆடுவார். 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த ஆண்டுகளில் ஊதியத்தை நடுவர் மன்றம் தீர்மானிக்கலாம் என்றாலும், அதுவும் வெளிச்சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே ஓர் இளம் வீரரைக் கொடுப்பது, பல ஆண்டுகளுக்குக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய வெற்றிகளைக் கொடுப்பதாகும். ஆனால் அந்த வெற்றிகள் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அணிகளின் முன்னுள்ள வழிகளுள் முதலாவது, சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்து வெளியேறிவிடக்கூடிய ஒருவரை அரைச் சீசனுக்காக மட்டும் வாங்குவது. அங்குள்ளவர்கள் இவரை வாடகை வீரர் என்றே அழைக்கிறார்கள். இரண்டாவது, இன்னும் சில ஆண்டுகள் அணியில் நீடிக்கக்கூடியவரைக் கூடுதல் விலைக்கு வாங்குவது. மூன்றாவது, பெரிய பெயர்களைத் தவிர்த்துச் சிறு விலையில் குறைகளை அடைப்பது. பொதுக் கருத்து முதலாவதைச் சூதாட்டம் என்றும் இரண்டாவதை நிதானம் என்றும் பார்க்கிறது. என் கணிப்பு ஏறக்குறைய நேர்மாறானது: வாடகை ஒப்பந்தம் வெளிப்படையான சூதாட்டம் என்பதாலேயே அதற்குத் தகுதியான அணிகள்தான் பெரும்பாலும் அதில் இறங்குகின்றன, வாங்கவே கூடாத அணிகளை வாங்கத் தூண்டுவது இரண்டாவது வழிதான்.

முதல் வழிக்குச் சிறந்த சான்று 2016-ஆம் ஆண்டின் சிகாகோ கப்ஸ். 1908-க்குப் பிறகு, கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றிராத அந்த அணி அவ்வாண்டு 103 ஆட்டங்களை வென்றது. வழக்கமான சீசனுக்குப் பின் அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளுக்குள் நுழைவதில் அதற்கு எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. இருந்தும் ஜூலை 25 அன்று, ஆட்டத்தின் இறுதி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காக்கும் பந்துவீச்சாளரான அரோல்டிஸ் சாப்மனை நியூயார்க் யாங்கீஸிடமிருந்து பெற்று, 19 வயது உள்களத் தடுப்பாளர் (ஷார்ட்ஸ்டாப்) கிளேபர் டோரஸ் உள்ளிட்ட நால்வரைக் கொடுத்தது. கப்ஸுக்காக வழக்கமான சீசனில் சாப்மன் வீசியது 27 இன்னிங்ஸுக்கும் சற்றுக் குறைவு. குடும்ப வன்முறை தொடர்பான விதிகளின் கீழ் அந்த சீசனின் தொடக்கத்தில் 30 ஆட்டத் தடையை அனுபவித்தவர் அவர் என்பதால், இளம் வீரர்களைக் கொண்டு அளக்க முடியாத ஒரு விலையையும் அணி கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

இன்னிங்ஸ் கணக்கை மட்டும் பார்த்தால் இது அநியாய விலை. டோரஸ் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளும் சீசனின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்றார். 2019-இல் 38 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) அடித்தார். சாப்மனோ 2016 டிசம்பரிலேயே ஐந்தாண்டுகளுக்கு 8.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸிடமே திரும்பினார். விற்றவர்களிடமே விற்ற பொருளும் வந்து சேர்ந்தது. ஆனாலும் இந்த இன்னிங்ஸ்களின் எடை சமமானதல்ல. கிளீவ்லாண்டுக்கு எதிரான வேர்ல்டு சீரிஸில் 1-3 எனப் பின்தங்கி, ஒரு தோல்வியில் எல்லாம் முடிந்துவிடும் என்றிருந்த ஐந்தாவது ஆட்டத்தில், சாப்மன் ஏழாவது இன்னிங்ஸிலேயே இறங்கி எட்டு ஆட்டக்காரர்களை வெளியேற்றி 3-2 வெற்றியைக் காத்தார். ஏழாவது ஆட்டத்தில் களைத்துப்போன அதே சாப்மன், எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸுக்கு ஹோம் ரன் கொடுத்து முன்னிலையை இழந்தார் என்பதும், கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில்தான் 8-7 என வென்றது என்பதும் உண்மை. கோப்பைக்கான கடைசி ஆட்டக்காரரை வெளியேற்றியவர் மைக் மாண்ட்காமரி. அதே ஜூலையில் பெரிய ஆரவாரமின்றி வாங்கப்பட்டவர். வாங்கியவர் உதவினார், ஆனால் உத்தரவாதம் தரவில்லை. அந்த ஐந்தாவது ஆட்டம் இல்லாமல் ஏழாவது இல்லை என்பதே கப்ஸ் நிர்வாகத்துக்கான நியாயம்.

டோரஸைக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அந்த இடத்தில் 22 வயது அடிசன் ரஸல் ஏற்கெனவே நின்றதுதான். ரஸல் வந்த கதை இன்னும் சுவையானது. 2014 ஜூலையில் கப்ஸ் விற்கும் தரப்பில் இருந்தது. ஆட்டக் கணக்கில் முன்னணியில் இருந்த ஓக்லண்ட் ஏ'ஸ் இரு பந்துவீச்சாளர்களுக்காக ரஸலையும் பில்லி மெக்கின்னியையும் அதற்குக் கொடுத்தது. அந்த மெக்கின்னியைத்தான் கப்ஸ் 2016-இல் சாப்மனுக்காகக் கொடுத்த நால்வரில் ஒருவராகச் சேர்த்தது. ஓக்லண்டோ அதோடு நிற்காமல், தன் முதன்மை மட்டையாளர் யோயெனிஸ் செஸ்பெடஸைக் கொடுத்து ஜான் லெஸ்டர் என்ற வாடகைப் பந்துவீச்சாளரையும் வாங்கியது. பின்னர் சரிந்து, 88 வெற்றிகளோடு பிளே-ஆஃபின் ஒற்றை ஆட்டத் தொடக்கச் சுற்றுக்குள் ஒட்டிக்கொண்டு, அதில் லெஸ்டர் பந்துவீசிய ஆட்டத்தில் 7-3 என்ற முன்னிலையிலிருந்து கன்சாஸ் சிட்டியிடம் பன்னிரண்டு இன்னிங்ஸில் 9-8 எனத் தோற்றது. அணியின் நிலையைப் பொறுத்தவரை ஓக்லண்டின் முடிவு கப்ஸின் முடிவைவிடத் தவறானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விளைவைக் கொண்டு முடிவை எடைபோடும் பழக்கம் மிக அதிகமாகத் தண்டித்தது டெட்ராய்ட் டைகர்ஸை. 1987 ஆகஸ்டில் (அந்நாளில் ஆகஸ்டிலும் பரிமாற்றங்கள் நடந்தன) அது 36 வயதுப் பந்துவீச்சாளர் டாயில் அலெக்ஸாண்டரை வாங்கி, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பந்துவீச்சாளரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்) குவித்து 2015-இல் பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றதால், இந்தப் பரிமாற்றம் மோசமானவற்றின் பட்டியலில் நிரந்தர இடம் பெற்றுவிட்டது. ஆனால் அன்று தெரிந்தது என்ன? ஸ்மோல்ட்ஸ் அந்த ஆண்டு இரண்டாம் நிலை மைனர் லீகில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி என்ற கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தார். அலெக்ஸாண்டர் 11 ஆட்டங்களைத் தொடங்கி 9-0 என்ற கணக்கில், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.53 ரன் மட்டுமே கொடுத்தார். டெட்ராய்ட் கடைசி வார இறுதியில் டொராண்டோவை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்தி, இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் தன் பிரிவை வென்றது. அப்போது நான்கு அணிகளுக்கு மட்டுமே அக்டோபரில் இடமிருந்தது; பிரிவில் இரண்டாவதாக வந்தால் ஒன்றுமில்லை. அத்தகைய அமைப்பில் ஒவ்வொரு கூடுதல் வெற்றியும் சீசனையே தீர்மானிக்கும். அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றதை வைத்து அந்தக் கணக்கைத் தவறென்பது நியாயமாகாது.

1990-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் செய்ததற்கு நான் இவ்வளவு பரிவு காட்டமாட்டேன். அதுவும் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் பிரிவை வென்றது. ஆனால் ஆகஸ்ட் 30 அன்று வாங்கிய லாரி ஆண்டர்சன், வெறும் 22 இன்னிங்ஸ் வீசக்கூடிய மாற்றுப் பந்துவீச்சாளர். கொடுத்ததோ, பின்னாளில் 449 ஹோம் ரன்கள் அடித்த ஜெஃப் பேக்வெல். மூன்றாவது பேஸ் என்னும் தடுப்பிடத்தில் வேட் பாக்ஸ் இருப்பதால் பேக்வெல்லுக்கு இடமில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். ஹூஸ்டன் அவரை முதல் பேஸுக்கு நகர்த்தியது, அவ்வளவுதான். யாங்கீஸ் டோரஸை இரண்டாவது பேஸில் நிறுத்தியதும் இதே வகை. இடமில்லை என்பது விற்பதற்கு ஒரு துணைக் காரணமாக இருக்கலாம். அதையே முதன்மைக் காரணமாக்கும் அணி, கொஞ்சம் யோசித்தால் கிடைத்துவிடும் இடத்தைப் பார்க்க மறுக்கிறது.

இனி இரண்டாவது வழி. 2017 ஜூலையில், 43 வெற்றி, 45 தோல்வி என்று தத்தளித்த கப்ஸ், எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் உள்ளிட்ட நால்வரை ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துப் பந்துவீச்சாளர் ஹோசே கின்டானாவை வாங்கியது. அவர் இன்னும் மூன்று ஆண்டுகள், சந்தை விலையைவிடக் குறைவான ஊதியத்தில் அணியில் இருப்பார் என்பதே அதன் கவர்ச்சி. கப்ஸ் பிரிவை வென்றது. ஆனால் கின்டானா அடுத்த ஆண்டுகளில் சராசரியாகவே ஆடினார், சீஸோ 2022-இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெறும் அளவுக்கு உயர்ந்தார். வருத்தத்துக்குரியது என்றாலும், கோப்பையைத் தக்கவைக்க முயலும் அணி எடுத்த, புரிந்துகொள்ளக்கூடிய முடிவு அது.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2018-இல் எடுத்த முடிவைப் புரிந்துகொள்வதே கடினம். ஜூலையில் தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களை வென்ற அந்த அணி, அதுவரை நடுத்தரமாகவே ஆடிவந்ததை மறந்து, கெடுவின் கடைசி நாளில் பந்துவீச்சாளர் கிறிஸ் ஆர்ச்சரைப் பெற்று ஆஸ்டின் மெடோஸையும் டைலர் கிளாஸ்னோவையும் டாம்பா பே ரேஸுக்குக் கொடுத்தது. பின்னர் பெயர் சொல்லப்படும் என்று விடப்பட்ட மூன்றாமவர், முந்தைய ஆண்டின் முதல் சுற்றில் தேர்வான ஷேன் பாஸ். சீசன் 82-79 என்று முடிந்தது. மறு ஆண்டு மெடோஸ் ஆல்-ஸ்டார் ஆனார். ஆர்ச்சர் 3-9 என்ற கணக்கில், ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல் கொடுத்தார். 2020 முழுவதும் அறுவை சிகிச்சையால் ஆடவில்லை. வாடகை வீரர் ஒருவரை வாங்குவதா என்று கேட்டிருந்தால் பைரேட்ஸ் நிர்வாகம் தயங்கியிருக்கும். எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்ற எண்ணமே அந்தத் தயக்கத்தை அகற்றியது. மூன்று ஆண்டு உரிமை என்பது, பந்துவீச்சாளரின் தோளைப் பொறுத்தவரை, மூன்று ஆண்டு ஆபத்தும்கூட.

பின்னர் பெயர் சொல்லப்படும் வீரரைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 2008-இல் மில்வாக்கி அணி, பந்துவீச்சாளர் சி.சி. சபாதியாவைக் கிளீவ்லாண்டிடமிருந்து வாங்கியபோது பேசப்பட்ட விலை இளம் வீரர் மாட் லபோர்டா. சபாதியா 17 ஆட்டங்களில் 11-2 என வென்று, 1982-க்குப் பிறகு முதன்முறையாக அந்த அணியைப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுசென்றார். லபோர்டா சோபிக்கவே இல்லை. அந்த ஒப்பந்தத்தில் கிளீவ்லாண்டுக்கு உண்மையான பயன் தந்தவர், பின்னர் பெயர் சொல்லப்பட்ட மைக்கேல் பிரான்ட்லி. நிர்வாகங்கள் முதல் பெயரைப் பற்றி வாரக்கணக்கில் பேரம் பேசுகின்றன. நட்டம் பல நேரங்களில் மூன்றாவது, நான்காவது பெயரில் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது வழி எளிதாகத் தோன்றினாலும் அட்லாண்டா பிரேவ்ஸ் 2021-இல் செய்ததைப் பின்பற்றுவது எளிதல்ல. ஜூலை 10 அன்று ரொனால்ட் அக்கூன்யா முழங்காலில் காயமடைந்து வெளியேறியபோது, அணியின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவே இல்லை. நிர்வாகம் ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், எடி ரொசாரியோ, ஹோர்ஹே சோலேர் என நான்கு வெளிக்கள வீரர்களை வாங்கியது. முதல் தர இளம் வீரர் ஒருவரைக்கூடக் கொடுக்கவில்லை. ரொசாரியோவுக்கு ஈடாகப் போன பாப்லோ சந்தோவலை கிளீவ்லாண்ட் உடனே விடுவித்தே விட்டது. 88 வெற்றிகளோடு அக்டோபருக்குள் வந்த பிரேவ்ஸ் கோப்பையை வென்றது. ரொசாரியோ, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடரிலும், சோலேர் வேர்ல்டு சீரிஸிலும் சிறந்த வீரராகத் தேர்வாயினர். இதில் அதிர்ஷ்டம் நிறைய உண்டு. ஆனால் மிக மோசமான ஆட்டக்காரர் நிற்கும் இடத்தில் ஒரு நடுத்தர ஆட்டக்காரரை நிறுத்துவதால் கிடைக்கும் ஆதாயம், நல்லவர் நிற்கும் இடத்தில் மிகச் சிறந்தவரை நிறுத்துவதால் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல என்பதும், அதன் விலை பல மடங்கு குறைவு என்பதும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவையல்ல. 2022 முதல் பன்னிரண்டு அணிகள் பிளே-ஆஃபுக்குச் செல்லும் அமைப்பில், கடைசி இடங்களுக்குப் போட்டியிடும் அணிக்கு இந்த வழியே பொருத்தம். முதல் சுற்றைத் தவிர்த்து நேரே அடுத்த சுற்றுக்குச் செல்லும் இடத்தை எட்டக்கூடிய அணிக்குத்தான் சாப்மன் வகை விலை பொருந்தும்.

இந்தப் பாகுபாட்டுக்குள் எளிதில் அடங்காத ஒன்று, 2022 ஆகஸ்டில் சான் டியாகோ பாட்ரேஸ் ஹுவான் சோட்டோவை வாங்கியது. 23 வயதிலேயே தலைசிறந்த மட்டையாளராக இருந்த ஒருவர் இரண்டரை சீசனுக்குக் கிடைத்தார். வாஷிங்டனுக்குச் சென்றவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் ஆகிய மூவரும் பின்னர் ஆல்-ஸ்டார் ஆயினர். பாட்ரேஸ் அந்த அக்டோபரில் 111 ஆட்டங்கள் வென்ற டாட்ஜர்ஸை வீழ்த்தி, லீக் இறுதித் தொடரில் பிலடெல்ஃபியாவிடம் தோற்றது. மறு ஆண்டு பிளே-ஆஃபுக்கே வரவில்லை. இருப்பினும் இரண்டாவது வழியின் மெய்யான நன்மை இங்கேதான் தெரிகிறது. 2023 டிசம்பரில் பாட்ரேஸ் சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்து மைக்கேல் கிங், டிரூ தோர்ப் உள்ளிட்டோரைப் பெற்றது. மறு மார்ச்சில் தோர்ப்பை மையமாக வைத்து டிலன் சீஸை வாங்கியது. ஆட்டத்தில் ஏறக்குறைய ஐயமே இல்லாத ஒரு மட்டையாளரின் மீதமுள்ள ஒப்பந்த ஆண்டை இப்படி மறுபடியும் விற்க முடியும். ஆர்ச்சரின் மீதமுள்ள ஆண்டுகள் அப்படி விற்கப்படவே இல்லை. 2020 முடிந்ததும் பைரேட்ஸ் அவருடைய ஒப்பந்த நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்தாமலேயே விட்டுவிட்டது.