டீ பேரலும் முப்பது நாள் கணக்கும்: எட்டு வருஷ ஸ்கோமெட் அனுபவம்

எங்கள் குடோனில் டீ என்றால் குடிக்கிற டீ இல்லை. ட்ரைஎத்தனாலமைன். சுருக்கினால் டி.இ.ஏ., வாய்க்கு வந்தபடி சொன்னால் டீ. "நாலு பேரல் டீ எறக்குங்க" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற உறவுக்காரர் ஒருவர், "ஏனுங்க மாப்ள, கலியாண ஆர்டரா?" என்று கேட்டதும் உண்டு.

பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கான துணை ரசாயனங்கள் செய்கிறோம். திருப்பூர் பனியன் துணி தொட்டால் வழுவழுவென்று இருக்கிறதே, அதற்குப் போடும் சாஃப்ட்னர்தான் எங்கள் முக்கியச் சரக்கு. கொழுப்பு அமிலத்தையும் டீயையும் சேர்த்துக் காய்ச்சினால் அந்த மெழுகு மாதிரியான பொருளுக்கு அடிப்படை கிடைக்கும். இதே டீ கோயமுத்தூர் லேத் பட்டறைகளின் கட்டிங் ஆயிலிலும் இருக்கிறது, சிமென்ட் அரைக்கும் மில்லிலும் இருக்கிறது, முகத்துக்குப் பூசும் கிரீமிலும் இருக்கிறது. இவ்வளவு சாதுவான சாமான். ஆனால் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற நச்சு ஆயுதத்துக்கு மூலப்பொருளாகவும் இதைப் பயன்படுத்த முடியும் என்பதால், 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையில் இதன் பெயர் இருக்கிறது. நம் நாட்டில் அதற்காக 2000-இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஏற்றுமதிக்கு வரும்போது ஸ்கோமெட், அதாவது ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய சரக்குகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். அதில் மூன்றாம் அட்டவணைப் பொருட்களுக்கான 1சி பிரிவு நம்முடையது.

இதெல்லாம் 2017-இல் எனக்குத் தெரியாது. நாங்கள் சாஃப்ட்னர் அனுப்பிக்கொண்டிருந்த வங்கதேசத்துச் சட்டோகிராம் வாடிக்கையாளர், "டீயையும் நீங்களே அனுப்புங்களேன்" என்றார். இருபது அடி கன்டெய்னர், 80 பேரல், பேரலுக்கு 230 கிலோ, ஆக 18.4 டன். மற்ற சரக்கு மாதிரியே இன்வாய்ஸ் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம், சுங்க வேலையைப் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட்டான சிஎச்ஏ ஆபீஸ் தம்பி போன் செய்தார். "அண்ணா, இது ஸ்கோமெட்ல வருதுங்களே, நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே?" எனக்கு அந்த வார்த்தையே புதிது. ஏதோ புது வரி போலிருக்கிறது என்று நினைத்து, "எவ்வளவு கட்டோணும்?" என்று கேட்டேன். கன்டெய்னர் ஒன்பது நாள் யார்டிலேயே நின்றது. வாடகை நம் தலையில். தப்பும் நம்முடையதுதான். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் ஹெச்.எஸ். கோடு 2922 15 என்று போடத் தெரிந்தவனுக்கு, அந்தக் கோடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் கெமிக்கல் என்றாலே சாயக்கழிவு கலந்த நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும்தான் ஞாபகத்துக்கு வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் கட்டுப்பாடு என்றால் கழிவுநீர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் அளவு என்றே மனசு போகும். டீ விஷயம் வேறு. யாரிடம் போகிறது, அங்கே என்ன செய்வார்கள் என்ற கேள்வி அது. இது உறைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டுக்கு 1சி சரக்கு அனுப்ப முன்கூட்டி லைசன்ஸ் வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆனால் வாங்குகிறவரிடமிருந்து இறுதிப் பயன்பாட்டுச் சான்று வாங்கி வைத்து, ஏற்றுமதியான 30 நாளுக்குள் நான்கு இடங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்: வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி., அமைச்சரவைச் செயலகத்தில் இருக்கும் ரசாயன ஆயுத உடன்படிக்கைக்கான தேசிய ஆணையம், ரசாயனத் துறை, வெளியுறவு அமைச்சகத்தின் ஆயுதக் குறைப்புப் பிரிவு. ஆரம்பத்தில் நான்கு கவர், நான்கு ரிஜிஸ்டர் தபால், நான்கு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு. பெருந்துறையில் சாஃப்ட்னர் காய்ச்சுகிறவனுக்கு ஆயுதக் குறைப்புப் பிரிவோடு கடிதப் போக்குவரத்து! தபால் ஆபீஸில் முகவரியைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அப்புறம் விண்ணப்ப வேலை ஆன்லைனுக்கு வந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை எங்கள் பழைய கம்ப்யூட்டர் அடையாளம் காணாமல் அடம் பிடித்த நாட்களைத் தவிர, படிவத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. விவரம் கையில் இருந்தால் அரைமணி நேர வேலை. முப்பது நாளை எப்போதிருந்து எண்ணுவது என்பதில் மட்டும் வம்பு வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதான பி.எல். தேதி ஒன்று இருக்கும், சுங்கத்தில் ஏற்றுமதிக்கு விட்ட தேதி இன்னொன்று இருக்கும். எது முந்தியதோ அதிலிருந்தே நாங்கள் எண்ணுகிறோம். இருபதாவது நாளே அனுப்பிவிடுகிறோம்.

குறை எங்கே என்றால் அடுத்த படியில். சரக்கு போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள், அந்த நாட்டுச் சுங்கத்தில் போட்ட பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தின் நகலை நாம் டி.ஜி.எஃப்.டி.யில் கொடுக்க வேண்டும். கவனியுங்கள்: அது நம் காகிதம் இல்லை. வாங்கியவருடையது. சரக்கு அவர் கைக்குப் போயாயிற்று, பணமும் நமக்கு வந்தாயிற்று. இனி நம் மெயிலுக்குப் பதில் போட அவருக்கு என்ன அவசரம்? அதில் அவர் கட்டிய வரி, போட்ட விலை எல்லாம் இருக்கும். அதைக் காட்ட யாருக்கும் கூச்சம் இருக்கும். எட்டு வருஷத்தில் இந்த ஒரு காகிதத்துக்காக நான் செய்த போன் செலவில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்.

2019-இல் எத்தியோப்பியாவுக்கு ஒரு கன்டெய்னர் போனது. அந்த நாட்டுக்குக் கடலே இல்லை. ஜிபூட்டியில் இறக்கி, லாரியில் உள்நாட்டு மோஜோ டிரை போர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். அப்படியானால் எது போய்ச் சேர்ந்த நாள்? துறைமுகமா, மோஜோவா, ஆலை வாசலா? அவர்களிடம் ஆலைக் குடோனில் சரக்கு வாங்கிய ரசீதைக் கேட்டோம். வந்தது. தேதியில் வருஷம் 2011 என்று இருந்தது. எங்கள் அக்கவுண்ட்ஸ் பொண்ணு பதறிப்போய், "ஏனுங்ண்ணா, நாம சரக்கு அனுப்பறதுக்கு எட்டு வருசம் முன்னாடியே வாங்கிட்டாங்களாமா?" என்றது. எத்தியோப்பிய நாள்காட்டி நம்முடையதை விட ஏழெட்டு வருஷம் பின்தங்கி ஓடுகிறது என்பது அன்றுதான் எங்கள் ஆபீஸுக்குத் தெரிந்தது. வாங்கியவரின் லெட்டர்ஹெட்டில் இரண்டு தேதியையும் எழுதி ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்துக்கொண்டோம். அந்த ரசீதின் ஜெராக்ஸ் இன்னும் அந்தப் பொண்ணின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஆர்டருக்கு முன் கொடுக்கும் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே நிபந்தனை: போன சரக்கின் பில் ஆஃப் என்ட்ரி வராமல் அடுத்த சரக்கு குடோனை விட்டு நகராது. விலை பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சரக்கு போன பிறகு கேட்டால் யாசகம், முன்னால் சொன்னால் ஒப்பந்தம். இரண்டு பேர் இதனால் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மற்றவர்கள் இப்போது கேட்காமலே ஸ்கேன் அனுப்புகிறார்கள்.

எகிப்து கதையையும் சொல்லியாக வேண்டும். 2021 வாக்கில் அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு விசாரணை. நல்ல விலை, மாதம் ஒரு கன்டெய்னர். ஜவுளிக்குப் பேர் போன நாடு, பருத்தி தெரிந்தவர்கள், பேச்சும் மரியாதையாக இருந்தது. பட்டியலைப் புரட்டினால், உடன்படிக்கையில் சேராத நாடுகளில் எகிப்து ஒன்று. உலகத்தில் 193 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. எகிப்தும் வட கொரியாவும் தெற்கு சூடானும் கையெழுத்தே போடவில்லை, இஸ்ரேல் போட்டும் உறுதிசெய்யவில்லை. அந்த நாடுகளுக்கு என்றால் அறிவித்துவிட்டு அனுப்புகிற கதை நடக்காது. முன்கூட்டியே லைசன்ஸ் வேண்டும். இறுதிப் பயன்பாட்டுச் சான்றும் வாங்குகிற கம்பெனி கொடுத்தால் போதாது, அந்த நாட்டு அரசே கொடுக்க வேண்டும்: தடைசெய்யப்படாத காரியத்துக்குத்தான், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம், இவ்வளவு அளவு, இன்னார்தான் பயன்படுத்துவார்கள் என்று.

இதை எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: "துபாயில் என் மைத்துனரின் கம்பெனி இருக்கிறது. அவர் பெயரில் பில் போடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." அமீரகம் உடன்படிக்கையில் உள்ள நாடு. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். என் சித்தப்பா மகன், தொழிலில் பங்காளியும்கூட, "அண்ணா, துபாய்க்குத்தானே அனுப்பறோம், அப்புறம் எங்க போனா நமக்கென்ன?" என்றான். நமக்கென்ன என்றால், அந்தச் சான்றிதழில் இறுதியாகப் பயன்படுத்துபவர் என்ற இடத்தில் எழுதப் போவது பொய். தெரிந்தே எழுதினால் 2005-ஆம் வருஷத்துப் பேரழிவு ஆயுதச் சட்டம் வரைக்கும் போகும். அந்த எகிப்துக்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூற்றொன்பது பங்கு அவர் சாஃப்ட்னர்தான் காய்ச்சியிருப்பார். மீதி ஒரு பங்குக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு வாரம் கழித்து, டீக்குப் பதிலாக அதைக் காய்ச்சி முடித்த சாஃப்ட்னர் ஃப்ளேக்ஸாகவே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். காய்ச்சின பிறகு அது வேறு பொருள், அட்டவணையில் இல்லை. மிச்சமிருக்கும் டீ ஓரிரு சதவீதம். மூன்றாம் அட்டவணைப் பொருள் 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும் கலவைக்கு அந்தச் சான்று தேவையில்லை என்று, உடன்படிக்கையை நடத்தும் உலக அமைப்பான ஓ.பி.சி.டபிள்யூ.வின் முடிவு இருக்கிறது. பகுப்பாய்வுச் சான்றோடு அனுப்பினோம். மாதம் ஒரு கன்டெய்னர் இல்லை, வருஷத்துக்கு இரண்டு. போதும்.

இந்த 30 சதவீதத்தை நம்பி 85 சதவீத டீயைக் கலவை என்று காட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். 85 என்பது 30-க்கு மேல்தானுங்களே!

85 சதவீதச் சரக்கை நாங்கள் விரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. அது குளிரில் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. 99 சதவீத டீ ஏறக்குறைய 21 டிகிரியில் உறையும். மார்கழி, தை மாதக் காலையில் குடோனைத் திறந்தால் பேரலுக்குள் பாகு இறுகிக் கிடக்கும். பம்ப் வைத்தால் உறுமும், சரக்கு வராது. வெயிலில் உருட்டி வைத்துவிட்டு மத்தியானம்தான் எடுக்க முடியும். அந்த நாட்களில் நிரப்பிய பேரலின் எடை முன்னேபின்னே இருந்தால், அறிவிப்பில் எழுதும் அளவும் இன்வாய்ஸும் ஒத்துப்போகாது. ஒரு முறை 40 கிலோ வித்தியாசத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பேரலும் எடை மேடையில் ஏறி இறங்கி, எண் போட்டு, நோட்டில் பதிவாகிறது. ஐந்து வருஷத்துக் காகிதங்களை வைத்திருக்க வேண்டும் என்பதால் நோட்டுகளையும் தூக்கிப் போடுவதில்லை. இந்த நோட்டினால் வந்த லாபம் ஒன்று: எந்தப் பேரல் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். முன்பு குடோனில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேரல் கணக்கில் உதைக்கும். இப்போது உதைப்பதில்லை.

திருப்பூரில் ஜீன்ஸ் வெளுக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஸ்ப்ரே அடிக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் அது இந்தக் கதையே இல்லை. அது போதைப்பொருள் மூலப்பொருள் கணக்கில் வரும். 1988 ஐ.நா. உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பிரிவைப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போவதில்லை, ஒரு தலைவலியே போதும். அதேபோல் பிரிண்டிங் பேஸ்ட்டுக்குத் தயோடைகிளைகால் கேட்டு யாராவது வந்தால், அது இரண்டாம் அட்டவணை, இன்னும் கறார். சேராத நாட்டுக்கு அறவே கூடாது.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. கோவையில் டி.ஜி.எஃப்.டி. மண்டல அலுவலகம் இருக்கிறது, ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கான எண்ணான ஐ.இ. கோடு வேலையெல்லாம் அங்கே முடிந்துவிடும். ஸ்கோமெட் அனுமதி மட்டும் டெல்லி தலைமையகத்தில், பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு பார்க்கும். எனவே லைசன்ஸ் தேவைப்படும் நாட்டுக்கு ஆர்டர் பிடித்தால், அனுப்பும் தேதியை வாய்க்கு வந்தபடி சொல்லிவிடாதீர்கள். பட்டியலும் அவ்வப்போது திருத்தப்படும். போன வருஷம் சரியாக இருந்ததே என்று இந்த வருஷமும் அதையே நம்பி அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கென்யாவின் மொம்பாசாவுக்குப் போன கன்டெய்னர் ஒன்றின் பில் ஆஃப் என்ட்ரி இன்னும் வரவில்லை. இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். அடுத்த 80 பேரல் குடோனில் எண் போட்டு நிற்கிறது. "நாளைக்குக் காலைல மறுபடி போன் பண்ணட்டுங்ளாண்ணா?" என்று அக்கவுண்ட்ஸ் பொண்ணு கேட்கிறது. அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், பதினோரு மணிக்கு மேல் போடு கண்ணு என்றிருக்கிறேன்.