வயிற்றில் பிள்ளையோடு நம்பிச் சாப்பிட வடசேரியில் ஒரு கஞ்சிக்கடை

நாகர்கோவிலில் வேலை பார்க்கிற கர்ப்பிணிப் பெண்கள் யாராவது மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இந்தக் கடையைத்தான். வடசேரி கனகமூலம் சந்தைக்குப் பின்னால் போகிற சின்ன ரோட்டில், ஒரு ஓட்டு வீட்டின் திண்ணையிலும் முன்னறையிலுமாக நடக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் எப்போதும் ஒரு மட்டி வாழைக் குலையும் ஒரு செந்துளுவன் வாழைக் குலையும் தொங்கும், அதுதான் அடையாளம். சந்தையில் கஞ்சிக்கடை என்று கேட்டால் கைகாட்டி விடுவார்கள். 11 மணிக்குத் தொடங்கும், 2 மணிக்கு மேல் போனால் பயறு தீர்ந்திருக்கும்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். மசக்கை நாட்களில் தாளிக்கிற வாசனை மூக்கில் பட்டாலே ஓங்கரிப்பு வரும், வீட்டு அடுக்களைக்குள்ளேயே போக முடியாது. அந்த நேரத்தில் ஆபீசில் கூட வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி கூட்டிக்கொண்டு போனதுதான் முதல் தடவை. அன்றைக்கு வயிற்றில் தங்கியது அந்தக் கஞ்சி ஒன்றுதான் என்பதால் அப்புறம் விடவே இல்லை.

கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பா அரிசி, மேலே சிவப்புத் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கிற ரகம். நன்றாக வெந்து பருக்கை மலர்ந்திருக்கும், ஆனால் குழையாது, விரலில் எடுத்து நசுக்கினால் மட்டும் மாவாகும். கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் கெட்டியாக, உப்பு மட்டாக. மேலே ஒரு கரண்டி துருவிய தேங்காய் போட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். கரண்டிக்குப் பதில் பிலாவிலை, அதாவது பலா இலை. பச்சை இலையைக் கழுவி, கூம்பாக மடக்கி, ஈர்க்கு குத்தி வைத்திருப்பார்கள். இதில் குடிக்கும்போது ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் வாய்க்குள் போகும், சூடும் உதட்டைச் சுடாது. அவசரமாக அள்ளிப்போட முடியாது என்பதே கர்ப்பகாலத்தில் பெரிய உபகாரம். வயிறு மேலே ஏறி வருகிற இந்த மாதங்களில் வேகமாகச் சாப்பிட்டால் எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் ராத்திரி வரைக்கும் விடாது. இங்கே சாப்பிட்ட நாளில் எனக்கு அந்தத் தொந்தரவு இருந்ததில்லை.

தொட்டுக்கொள்ள சிறுபயறு தினமும் உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, தேங்காயும் சீரகமும் உள்ளியும் கொரகொரப்பாக அரைத்துப் போட்டுப் புரட்டியது. காரம் மிகக் குறைவு. உண்மையில் இந்தத் தட்டில் பிள்ளைக்கு வேண்டியதைத் தருவது கஞ்சியைவிடப் பயறுதான். காய்ந்த சிறுபயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, போலிக் அமிலமும் நிறைய. கடைசி 3 மாதத்தில் தினமும் கூடுதலாக 22 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதே பரிந்துரையில் கூடுதல் கலோரி வெறும் 350தான். நம்ம வீடுகளில் மாமியும் ஆச்சியும் "ரெண்டு உயிருக்குத் தின்னணும்" என்று சோற்றை அள்ளி அள்ளி வைப்பார்களே, அந்த அன்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் கூட்ட வேண்டியது சோறு இல்லை, பயறும் முட்டையும் மீனும்தான். இந்தக் கடையில் பயறு இரண்டாம் தடவை கேட்டால் காசு வாங்குவதில்லை. நான் கஞ்சியை அரைக் கிண்ணமாகக் குறைத்து பயறை இரட்டிப்பாக வாங்கிக்கொள்வேன்.

கீரை நாளுக்கு ஒன்றாக மாறும். முருங்கைக்கீரைத் தோரன் செய்கிற நாளில் கூட்டம் அதிகம். பக்கத்தில் நெல்லிக்காய் அரைத்த பச்சடி ஒரு கரண்டி வைப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுப்பதில்லை, புளிப்பான நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூடச் சேர்ந்தால்தான் நன்றாகச் சேரும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு, எனக்கு ஐந்தாம் மாதத்தில் அதற்கும் கீழே போய்விட்டது. அதற்காகக் கீரை தின்றால் போதும் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது, நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். அந்த அளவைக் கஞ்சியும் கீரையும் ஈடுகட்டாது.

இந்த இடத்தில்தான் கடையின் மேல் எனக்கு ஒரு வருத்தம். சாப்பிட்டு முடித்த உடனே கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ, கொண்டு வைத்துவிடுகிறார்கள், கேட்காமலே. வழக்கமாக வருகிற சந்தைத் தொழிலாளிகளுக்கு அது வேண்டும், சரி. ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்து போகிற சாயா இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். சொன்னால் சீரகவெள்ளம் தருகிறார்கள், இளஞ்சூடாக, நன்றாகவே இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீன் வாரத்தில் சில நாள்தான். குளச்சலில் இருந்து வருகிறதை வைத்துச் சமைப்பார்கள், அதனால் இன்றைக்கு என்ன என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாளை (மத்தி) கிடைத்தால் புளிமுளம் என்கிற மீன்கறி, நெத்திலி கிடைத்தால் தேங்காய் அரைத்து அவியல். இரண்டுமே கர்ப்பிணிக்கு நல்லது, சின்ன மீன் என்பதால் பாதரசம் குறைவு, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு அதில் இருக்கிறது. வாரத்தில் 2, 3 தடவை சாப்பிடலாம் என்றார் டாக்டர். சுறா மாதிரிப் பெரிய மீன்களில்தான் பாதரசம் சேர்ந்திருக்கும், சின்ன மீன்களைத் தின்று தின்று வளர்கிறவை அவை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது கடற்கரை ஊர்ப் பழக்கம், இவர்களும் சில நாள் செய்கிறார்கள், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நான் தொடுவதில்லை.

கிழங்கும் உண்டு, அதைப் பற்றிப் பயந்து பயந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில், இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருப்பது உண்மைதான். தோலை நன்றாகச் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பெரும்பாலும் போய்விடும். நம்ம ஊரில் காலங்காலமாகச் செய்வது அதுதான், இங்கேயும் பின்கட்டில் பெரிய உருளியைச் சாய்த்து வடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கூட வருகிற காந்தாரி மிளகாய்த் துவையல்தான் பிரச்சினை, நெஞ்செரிச்சல் இருக்கிறவர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு மீன்கறியில் தொட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உளுந்தங்கஞ்சி. உளுந்தும் அரிசியும் வெந்தயமும் பூடும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கருப்பட்டிப் பாகு விட்டு, கடைசியில் சுக்குப்பொடி. இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கிற நாளில் இதை ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்தால் வருகிற நிம்மதியை எந்த டப்பா மாவும் எனக்குத் தந்ததில்லை. கர்ப்பிணிகளுக்கென்று விற்கிற ஒரு பவுடரை நல்ல விலை கொடுத்து வாங்கினோம், பின்பக்கம் படித்துப் பார்த்தால் பாதிக்குக் கிட்ட சர்க்கரை. அங்கன்வாடியில் சும்மா கொடுக்கிற சத்துமாவு பாக்கெட் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கருப்பட்டி என்றால் சுகர் ஏறாது என்று நினைத்துக் குடிக்காதீர்கள். ஏறும். குளுக்கோஸ் 75 கிராம் கலக்கிக் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அதில் 140-ஐத் தாண்டியவர்கள் உளுந்தங்கஞ்சியில் பாகு விடாமல் கேட்டு வாங்குங்கள், பாகைத் தனியாகத்தான் வைத்திருப்பார்கள். சம்பா அரிசிக் கஞ்சியும் கிழங்கும்கூட அவர்களுக்கு அளவோடுதான்.

கடையை நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வயிற்றைப் பார்த்ததும் "எத்தன மாசம் மக்ளே?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தையே எடுப்பார். "கஞ்சி சூடாட்டு இருக்கு, மெள்ளக் குடி. மிச்சம் வச்சா ஒண்ணும் சொல்லமாட்டேன்." ஆடி மாதத்தில் மருந்துக்கஞ்சி போடுவார்கள், பச்சிலையும் கடைமருந்தும் சேர்த்தது. வாசனை இழுக்கும். நான் கேட்டபோது தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்: "இதுல என்னெல்லாமோ இருக்கு. பெத்து எழும்பிட்டு வா, அப்ப தாறேன்." வியாபாரத்தைவிட என் பிள்ளையை நினைத்துச் சொன்ன பேச்சு அது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இனிக் குறைகள். ஊறுகாயிலும் பப்படத்திலும் உப்பு கடுமை. பிரஷர் இருக்கிறவர்கள், கால் வீங்குகிறவர்கள் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்காரப் பலகைதான், முதுகு சாயப் பிடிமானம் கிடையாது, உள்ளறையில் சுவரோரம் இரண்டு இடம் மட்டும் சாயலாம், அக்காவிடம் கேட்டால் யாரையாவது எழுப்பி மாற்றி உட்கார வைப்பார். கழிவறை வீட்டின் பின்னால் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, ஆனால் போகிற வழியில் கழுவுகிற தண்ணீர் வழிந்து தரை வழுக்கும். அதை அவசியம் சரிசெய்ய வேண்டும், நான் சொல்லியும் இதுவரை ஒரு சாக்கு விரித்ததோடு சரி. நிறை வயிற்றோடு போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கஞ்சி, பயறு, கீரை, பச்சடி எல்லாம் சேர்த்து 60 ரூபாய், மீன் தனி. போகும்போது வாசல் குலையில் இருந்து ஒரு மட்டிப்பழம் பிய்த்துக் கையில் கொடுப்பார்கள், புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டி, கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுக்கிற பழம், சாயங்காலப் பசிக்கு ஆகும். பார்சல் வேண்டுமென்றால் தூக்குவாளி கொண்டு போங்கள், கொதிக்கிற கஞ்சியைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றித் தரமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். வாங்கியதை அன்றைக்கே சாப்பிடுங்கள், தேங்காய் சேர்த்த பயறு நம்ம ஊர் வெக்கையில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.